கல்லடிப் பாலத்தைத் துணியில் தைக்கும்போது

மட்டக்களப்பில் கைப்பணிப் பாடநெறிக்கு வருகின்ற பிள்ளைகளிடம், முதலாவது பூ வேலைச் செயற்திட்டத்துக்கு விருப்பமான ஓர் உருவத்தை வரைந்து வாருங்கள் என்று சொன்னால், பாடும் மீனும் கல்லடிப் பாலமும் தவறாமல் வந்து சேரும். மீன் எந்தத் துணியிலும் ஓரளவு நன்றாகவே அமைந்துவிடும். பாலம் அப்படியல்ல. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தின் கிடைச்சட்டங்களும் நிமிர்ந்த சட்டங்களும் துணியில் நேராக விழும். அவற்றுக்கிடையே சாய்வாக ஓடும் சட்டங்களைத் தைக்கத் தொடங்கியதும் துணி இழுபட்டுச் சுருக்கம் விழும். என் வகுப்பில் மாணவி ஒருவர் மூன்று கிழமை இருந்து, மருதமுனைக் கைத்தறித் துணியில் இந்தப் பாலத்தைத் தைத்து ஒரு குஷன் உறை செய்தார். முதல் முறை கழுவிக் காயவைத்தபோது சாய்வுச் சட்டங்களைச் சுற்றித் துணி அலையலையாக எழும்பி நின்றது. அவருடைய ஊசி வேலையில் ஒரு குறையும் இல்லை. அந்தத் துணி எப்படி நடந்துகொள்ளும் என்பதை நான் அவருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் குறை. வடிவமைப்பு என்பது தாளில் அல்ல, துணியில் தொடங்க வேண்டும் என்று இன்று நான் வற்புறுத்துவது அந்த உறையைக் கையில் வைத்துப் பார்த்த நாளிலிருந்துதான்.

தறியில் நெய்த துணியில் இரண்டு திசைகளில் மட்டுமே நூல் ஓடுகிறது. நெடுக்கே செல்வது பாவு, குறுக்கே செல்வது ஊடை. இந்த இரண்டு திசைகளில் எதைப் பிடித்து இழுத்தாலும் இழுவிசையை நூலே நேராகத் தாங்குவதால் துணி அதிகம் நீளாது. ஆனால் மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள்: துணி தாராளமாக நீண்டு கொடுக்கும், அதே நேரம் குறுக்கே ஒடுங்கும். நூல் நீண்டுவிடவில்லை, பாவும் ஊடையும் சந்திக்கும் செங்கோணம் சரிந்து, சிறு சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாக மாறுகின்றன, அவ்வளவுதான். நான்கு தடிகளை மூலைகளில் ஒவ்வொரு ஆணியால் பிணைத்துச் செய்த சட்டம் ஒன்றைத் தள்ளினால் அது எப்படிச் சரிகிறதோ, அப்படியே துணியும் சரிகிறது. அந்தச் சட்டத்தில் மூலைக்கு மூலை ஒரு தடியை அறைந்துவிட்டால் அது முக்கோணங்களாகப் பிரிந்து அசையாமல் நிற்கும். கல்லடிப் பாலத்தின் சாய்வுச் சட்டங்கள் செய்வது இதே வேலையைத்தான். துணியிலோ அப்படி மூலைவாட்டில் ஓடும் நூல் ஒன்றும் இல்லை; நாம் ஊசியால் தைக்கின்ற சாய்வுக் கோடே அங்கு முதன்முதலாக வருகின்ற மூலைத் தடியாகிறது. துணி எந்த நிலையில் சரிந்திருந்தபோது அந்தத் தையல் விழுந்ததோ, அந்த நிலையிலேயே அது துணியைப் பிடித்து வைத்துவிடும்.

பூ வேலை வளையத்தில் துணியைப் பூட்டும்போது பெரும்பாலானவர்கள் விடும் பிழை இங்கேதான் இருக்கிறது. துணி மேளத்தோல் போல விறைக்க வேண்டும் என்ற ஆவலில், வளையத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, சாய்வான இடங்களிலும் பிடித்து இழுக்கிறோம். ஒரு மூலைவாட்டில் நீண்ட துணி மற்ற மூலைவாட்டில் ஒடுங்கிய நிலையில் தையல் விழுகிறது. வளையத்தைக் கழற்றியதும் துணி தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. நீண்டிருந்த திசையில் போட்ட தையல் இப்போது மிகுதியாகித் தளர்ந்து புடைக்கிறது, ஒடுங்கியிருந்த திசையில் போட்ட தையல் போதாமல் துணியைச் சுருக்குகிறது. ஆகையால் பாவு வழியே இரு பக்கமும், ஊடை வழியே இரு பக்கமும் மட்டும் மெதுவாக இழுத்துச் சரிசெய்ய வேண்டும். வளையத்துக்குள் தெரியும் நூல்கள் வளையாமல், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துக்கொள்வதே போதுமான சோதனை.

கழுவிய பிறகு எழும் அலைக்குக் காரணம் வேறு. பருத்தி இழை பெரும்பாலும் செலுலோசினால் ஆனது. செலுலோசு தண்ணீரை விரும்பி ஏற்கும். 65 வீத ஈரப்பதன் உள்ள காற்றில் சாதாரணமாக இருக்கும்போதே பருத்தி தன் எடையில் 7 அல்லது 8 வீதமளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும், பொலியெஸ்ரரோ அரை வீதம்கூடப் பிடிக்காது. தண்ணீரில் நனைந்த பருத்தி இழை நீளவாட்டில் அதிகம் மாறாமல் பக்கவாட்டில் பருக்கிறது. இதனால் நூலும் பருக்கிறது. பாவு நூல் ஒன்று ஊடை நூல்களின் மேலும் கீழுமாக ஏறி இறங்கிச் செல்வதை நினைத்துப் பாருங்கள்: ஊடை பருத்துவிட்டால் அதைச் சுற்றி ஏறி இறங்கப் பாவுக்கு இன்னும் நீளமான வழி வேண்டும். நூலின் நீளமோ கூடவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்ய ஊடை நூல்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, துணி குறுகிவிடுகிறது. இழை மெலியாமல், மாறாகப் பருப்பதாலேயே துணி சுருங்குகிறது என்பதைக் கேட்கும்போது மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். தடித்த கயிறு ஒன்றையும் மெல்லிய கயிறு ஒன்றையும் மாறி மாறி வைத்து, அவற்றின் மேலும் கீழுமாக ஒரே நீளமான நாடாவைக் கோத்துக் காட்டினால் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

இதனுடன் தறியின் பங்கும் சேர்கிறது. நெசவு நடக்கும் நேரமெல்லாம் பாவு விறைப்பாக இழுபட்ட நிலையிலேயே இருக்கும். உராய்வில் அறுந்துபோகாமலிருக்க அதற்குக் கஞ்சியும் போடப்பட்டிருக்கும். முதல் சலவையில் கஞ்சி கரைந்து இழுவையும் விடுபடுவதால், பாவுத் திசையில் சுருக்கம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அந்தத் துணியின்மேல் நீரில் அசையாத பொலியெஸ்ரர் நூலால் அடர்த்தியாகத் தைத்திருந்தால், அடித்துணி குறுகும், பூ குறுகாது. மிஞ்சிய பூ மேலே எழும்பித்தான் ஆக வேண்டும்.

ஆகவே செயற்திட்டத்தின் முதல் வேலையாக மாதிரித் துண்டு ஒன்றை வெட்டச் சொல்கிறேன். ஓரம் 30 சென்ரிமீற்றர் வரும் துண்டில், பாவு வழியாகவும் ஊடை வழியாகவும் 20 சென்ரிமீற்றர் நீளத்தைச் சாயம் போகாத நூலால் தைத்து அடையாளமிட வேண்டும். பேனாவால் இட்டால் சலவையில் அழிந்துவிடும். பிறகு வீட்டில் கழுவுவது போலவே கழுவி, நிழலில் விரித்துக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். பாவு வழியே 19 சென்ரிமீற்றர் வந்தால் அது 5 வீதச் சுருக்கம். 40 சென்ரிமீற்றர் உறைக்கு அந்தத் திசையில் 2 சென்ரிமீற்றர் காணாமல் போகும். கணக்குப் பார்த்துக் கூடுதலாக வெட்டிக்கொள்வதைவிட, முழுத்துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுவது நல்லது என்பது என் முடிவு. சாயம் கசியுமா என்பதையும் இதே துண்டில், ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணி ஒன்றை வைத்து அழுத்திப் பார்த்துவிடலாம்.

அடுத்து எண்ணிக்கை. புள்ளடித் தையலில், அதாவது X வடிவில் குறுக்கும் மறுக்குமாகப் போடும் தையலில், நூல்களை எண்ணித் தைப்பதால், ஒரு சென்ரிமீற்றரில் எத்தனை பாவு, எத்தனை ஊடை என்பது தெரிய வேண்டும். கடையில் விற்கும் கட்டத் துணியில் இரண்டும் சமமாக இருக்கும், கைத்தறித் துணியில் பெரும்பாலும் இருக்காது. பாவு 24, ஊடை 18 என்று வைத்துக்கொள்வோம். தாளில் 72க்கு 72 என்று வரைந்த வட்டம் துணியில் 3 சென்ரிமீற்றர் அகலமும் 4 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட முட்டையாகிவிடும். இதைத் தவிர்க்க, அகலத்துக்கு நான்கு நூலும் உயரத்துக்கு மூன்று நூலும் எடுத்துத் தைத்தால் ஒவ்வொரு புள்ளடியும் சதுரமாக அமையும். எண்ணித் தைக்கும்போது முனை மழுங்கிய ஊசியே ஏற்றது. அது நூலைப் பிளக்காமல் இரு நூல்களுக்கிடையே வழி தேடிப் போகும்.

பூ வேலை நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் பளபளப்புக்கே ஒரு கதை உண்டு. பருத்தி இழை உயிரோடிருக்கும்போது உள்ளே நீர்மம் நிரம்பிய உருளை. காய் வெடித்து உலர்ந்ததும் அது காற்றுப்போன குழாய் போலத் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கில் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் சாதாரணப் பருத்தி மங்கலாகத் தெரியும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் மேர்சர், செறிந்த எரிசோடாக் கரைசலில் பருத்தி இழை பருத்து மீண்டும் உருண்டையாவதைக் கண்டு 1850இல் காப்புரிமை பெற்றார். பின்னர் 1890ஐ ஒட்டி ஹொறஸ் லோ, அந்தக் கரைசலில் நூலைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தால் பட்டுப் போன்ற மினுக்கம் வருவதைக் காட்டினார். நாம் வாங்கும் ஆறு இழைப் பருத்தி நூல் இந்த முறையில் பதப்படுத்தப்பட்டதே.

இப்படி மினுங்கும் இழை ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்காகவே சிதறடிக்கும். எண்ணெய் வைத்து வாரிய கூந்தலில் மயிர் ஓடும் திசைக்குக் குறுக்காக ஓர் ஒளிப்பட்டை தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம், காரணம் ஒன்றே. ஆகவே ஒரே நிற நூலால் தாமரை ஒன்றை நிரப்பும்போது, ஒவ்வோர் இதழிலும் தையலின் திசையைச் சற்றுத் திருப்பினால், ஓர் இதழ் வெளிச்சமாகவும் அடுத்தது நிழலாகவும் தெரியும். நான்கு நிற நூல் வாங்க முடியாத பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது என்று நினைக்கிறேன். முதல் மதிப்பீட்டுக்கு ஒரே நிறத்தில் தைத்து வருமாறு நான் கேட்பதும் இதற்காகவே.

அந்த மினுக்கம் கெடாமலிருக்க நூலின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். 45 சென்ரிமீற்றர் நூல், தையல் ஒன்றுக்கு ஒன்றரை சென்ரிமீற்றர் வீதம் செலவானால், ஊசிக்கு அருகிலுள்ள பகுதி ஏறத்தாழ 30 தடவை துணிக்குள் நுழைந்து உராய்ந்து வருகிறது. ஒரு மீற்றர் எடுத்தால் அது இரு மடங்குக்கும் மேல். அந்த உராய்வில் மேற்பரப்பு இழைகள் கிளம்பி, கடைசியில் தைக்கும் பகுதி பஞ்சு படிந்தது போல மங்கிவிடும்.

கல்லடிப் பாலத்தை அந்த மாணவி இரண்டாவது முறை தைத்தபோது துணியை முதலில் நனைத்துக் காயவைத்தார், அடியில் மெல்லிய பருத்தித் துணியொன்றைப் பாவோடு பாவு பொருந்த வைத்து இணைத்துக்கொண்டார், சாய்வுச் சட்டங்களுக்கு ஆறு இழைக்குப் பதிலாக இரண்டு இழை எடுத்து நூலை இழுக்காமல் படியவிட்டார். வேலை முடிந்ததும் மடித்த துவாயின்மேல் பூ கீழ்நோக்கி இருக்குமாறு உறையைக் கவிழ்த்து, ஈரம் தெளித்துப் பின்பக்கத்திலிருந்து மின்னழுத்தியை வைத்தார். ஈரம் செலுலோசு மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஐதரசன் பிணைப்புகளைத் தளர்த்துகிறது, வெப்பம் அந்த நீரை வெளியேற்றும்போது, துணி எந்த நிலையில் விரிந்திருக்கிறதோ அந்த நிலையில் பிணைப்புகள் மறுபடி உருவாகின்றன. தையல்கள் துவாயின் மெத்தென்ற பரப்பினுள் அமிழ்ந்ததால் நசுங்கவில்லை; உறையைத் திருப்பியபோது சட்டங்களுக்கிடையே துணி தட்டையாகக் கிடந்தது.