சொல் விளக்கம்: தெற்குலகம்

வெளியுறவுச் செய்திகளில் ‘குளோபல் சவுத்’ என்ற தொடர் சில ஆண்டுகளாக அடிக்கடி வருகிறது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் உலக அதிகார வட்டத்துக்கு வெளியே நிற்கும் நாடுகளை ஒருசேரக் குறிக்கும் தொடர் இது. 2023 ஜனவரியில் இந்தியா இந்தப் பெயரிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கூட்டி இணையவழி மாநாடு நடத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் புதுதில்லியில் கூடிய ஜி-20 அமைப்பு ஆப்பிரிக்க ஒன்றியத்தை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டபோதும் இத்தொடரே முன்னால் நின்றது. தமிழில் இதை ‘உலகளாவிய தெற்கு’, ‘உலகின் தென்பகுதி’, ‘தென்னுலகம்’, ‘தெற்குலகம்’ எனப் பலவாறு எழுதுகிறார்கள். சிலர் ‘வளரும் நாடுகள்’ என்றே எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இவற்றுள் எது பொருந்தும் என்று பார்க்குமுன், இச்சொல் எதைக் குறிக்கவில்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

முதலாவதாக, இது வெறும் திசைப்பெயர் அன்று. இந்தியா முழுவதும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. பெரிய நிக்கோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனைகூட ஏறத்தாழ ஏழு பாகை வடக்கில்தான் உள்ளது. சீனா, எகிப்து, மெக்சிகோ ஆகியவையும் அப்படியே. மாறாக, தெற்கே வெகுதொலைவில் கிடக்கும் ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் யாரும் இந்தத் தெற்கில் சேர்ப்பதில்லை. மேற்கு ஜெர்மனியின் முன்னாள் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் தலைமையிலான ஆணையம் 1980இல் வெளியிட்ட அறிக்கையின் அட்டைப்படத்திலேயே இந்த முரணைக் காணலாம். உலகை வடக்கு, தெற்கு எனப் பிரித்து அதில் வரைந்திருந்த கோடு, அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே புறப்பட்டு, மத்தியதரைக் கடலின் ஊடே சென்று, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் தென்னெல்லையை ஒட்டி ஓடி, ஜப்பானை வடக்கில் விட்ட பிறகு சட்டென்று கீழே இறங்கி, ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் வளைத்து வடக்கோடு சேர்த்துக்கொண்டது. அகலாங்கு வேறு, அந்தக் கோடு வேறு.

சொல்லின் வேரைத் தேடினால் அதற்கு முந்திய ஒரு பெயருக்குப் போய்ச் சேர்வோம். பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் ஆல்ஃபிரட் சோவி 1952 ஆகஸ்டில் ‘லொப்சர்வத்தர்’ இதழில் எழுதிய கட்டுரையில் ‘மூன்றாம் உலகம்’ என்ற தொடரைப் படைத்தார். முதல் உலகம், இரண்டாம் உலகம் என்று எண்ணிக்கொண்டே வந்து மூன்றாவது தரத்தில் நிறுத்தியது போலப் பின்னாளில் அது கேலிக்குரியதானது. ஆனால் சோவியின் மனத்தில் இருந்தது தரவரிசை அன்று. 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் பாதிரிமாருக்கும் பிரபுக்களுக்கும் அடுத்து நின்ற பொதுமக்கள் ‘மூன்றாம் வகுப்பார்’ எனப்பட்டனர். நாட்டின் சுமையை அவர்களே தாங்கினார்கள். ஆயினும் ஆட்சியில் அவர்களுக்கு இடமில்லை. அமெரிக்க அணியும் சோவியத் அணியும் பேரம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், புறக்கணிக்கப்பட்ட இந்த மூன்றாம் உலகமும் அந்த மூன்றாம் வகுப்பாரைப் போலவே தானும் ஏதாவதாக வேண்டும் என்று விரும்புகிறது என்பதே அவர் கட்டுரையின் முடிவு. ஆக, பிறந்தபோதே இது வறுமையின் பெயராக இல்லாமல் உரிமைக் கோரிக்கையின் பெயராக இருந்தது.

அந்தக் கோரிக்கை விரைவில் உருவம் பெற்றது. 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. 1961இல் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சிமாநாடு நடந்தது. 1964இல் ஜெனீவாவில் ஐ.நா. வணிக, வளர்ச்சி மாநாடு கூடியபோது, அர்ஜென்டினப் பொருளியலாளர் ரவுல் பிரெபிஷ் அதன் தலைமைச் செயலராக இருந்தார். மூலப்பொருளை ஏற்றுமதி செய்யும் நாடு, காலப்போக்கில் அதே அளவு இயந்திரத்தை வாங்க மேலும் மேலும் மூலப்பொருளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அவரது வாதம். அந்த மாநாட்டின் முடிவில் உருவானதே 77 நாடுகள் குழு. இன்று அதில் 134 நாடுகள் இருந்தும் பெயர் மட்டும் மாறவில்லை.

‘தெற்கு’ என்ற பெயர் இந்தப் பொருளில் வந்த தடம் வேறு. இத்தாலியின் தொழில்வள வடக்கு, வேளாண் தெற்கை எப்படி நடத்தியது என்று இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி 1926இலேயே எழுதியிருந்தார். ஒரு நாட்டுக்குள் பேசப்பட்ட அந்தத் தெற்கை உலக அளவுக்கு எடுத்துச் சென்றவர்களில் முன்னோடியாக அமெரிக்க எழுத்தாளர் கார்ல் ஓகில்ஸ்பியைச் சொல்வார்கள். வியட்நாம் போரைப் பற்றி 1969இல் எழுதியபோது அவர் இத்தொடரை ஆண்டார். முன்னால் ஒட்டிய ‘குளோபல்’ என்ற அடைமொழியின் வேலை இதுதான்: இது இத்தாலியின் தெற்கோ அமெரிக்காவின் தெற்கோ அன்று, உலகின் தெற்கு என்று வேறுபடுத்துவது. பின்னர் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே தலைமையில் ‘தெற்கு ஆணையம்’ அமைந்தது. அதன் பொதுச் செயலராக இருந்தவர், பிற்காலத்தில் இந்தியப் பிரதமரான மன்மோகன் சிங். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து இரண்டாம் உலகமே இல்லாமற்போன பிறகு ‘மூன்றாம்’ என்ற எண்ணுக்குப் பொருளில்லை. அந்த இடத்தில் ‘தெற்கு’ நிலைத்தது.

இதற்குப் பத்தாண்டுகள் முன்பே நிதிச்சந்தையிலிருந்து இன்னொரு பெயர் கிளம்பியிருந்தது. உலக வங்கிக் குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகத்தில் பணியாற்றிய அந்துவான் வான் அக்ட்மேல், ‘மூன்றாம் உலகப் பங்கு நிதியம்’ என்றால் யார் முதலீடு செய்வார்கள் என்ற கேள்வி எழுந்ததால், 1981இல் ‘எமர்ஜிங் மார்க்கெட்’ என்ற தொடரை உருவாக்கினார். விற்பனைக்காக வைத்த பெயர் என்பதை மறக்கக் கூடாது. 2001இல் பொருளியலாளர் ஜிம் ஓ’நீல் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து உருவாக்கிய ‘பிரிக்’கும் முதலீட்டு வங்கியின் அறிக்கையில் பிறந்ததே, அந்த நாடுகளே அதை எடுத்துக்கொண்டு 2009இல் உச்சிமாநாடு கூட்டியது தனிக்கதை. தமிழில் ‘வளர்ந்துவரும் சந்தை’, ‘வளர்ந்துவரும் நாடு’ என்று இரண்டுக்கும் ஒரே அடைமொழியைப் போடுவதால் குழப்பம் வருகிறது. முன்னதற்கு ‘எழுந்துவரும்’ என்பது தகும். ‘எழுந்துவரும் வல்லரசு’ என்றாலும் பொருள் தெளிவாகிறது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ‘வளரும் நாடுகள்’ என்றும், இலங்கையில் ‘வளர்முக நாடுகள்’, ‘அபிவிருத்தியடைந்துவரும் நாடுகள்’ என்றும் எழுதுவது வழக்கம். நல்ல சொற்கள்தாம், ஆனால் அவை பொருளாதார நிலையை மட்டுமே சொல்கின்றன. தெற்கு என்பது உலக ஒழுங்கில் ஒரு நாடு நிற்கும் இடத்தைச் சொல்கிறது. பன்னாட்டு நாணய நிதியத்தில் முக்கிய மாற்றங்களுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்கா ஒன்றிடமே ஏறத்தாழ 16.5 சதவீத வாக்கு இருப்பதால் அது நினைத்தால் அத்தகைய மாற்றம் எதையும் தடுக்கலாம். ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஆப்பிரிக்காவிலிருந்தோ லத்தீன் அமெரிக்காவிலிருந்தோ ஒரு நாடும் இல்லை. எவ்வளவு வளர்ந்தாலும் மாறாத இந்த நிலையை ‘வளரும்’ என்ற எச்சத்தால் சுட்ட முடியாது.

‘உலகளாவிய தெற்கு’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. ‘உலகளாவிய’ என்றால் உலகம் முழுவதும் பரவிய என்று பொருள். உலகின் ஒரு பகுதியைக் குறிக்க வந்த சொல்லுக்கு அது எப்படி அடைமொழியாகும்? ‘தென்புலம்’ அழகாக ஒலித்தாலும், குறள் வழியே ‘தென்புலத்தார்’ என்றால் மறைந்த மூதாதையர் என்று அறிந்த வாசகருக்கு அது வேறெங்கோ கொண்டுபோய்விடும். ‘தென்னுலக’த்துக்கும், தென்திசைக் காவலன் எமன் என்பதால், அந்த நிழல் கொஞ்சம் உண்டு. ‘மேற்குலகம்’ நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிறது. அதைப் பேசும்போது எவரும் திசைகாட்டியைத் தேடுவதில்லை, ஓர் அதிகார வட்டத்தைத்தான் எண்ணுகிறார்கள். அதே வார்ப்பில் அமைந்த ‘தெற்குலகம்’, எதிர்ச்சொல்லாக ‘வடக்குலகம்’, அடையாக வரும்போது ‘தெற்குலக நாடுகள்’ என்பவையே இயல்பானவை. ‘சவுத்-சவுத்’ ஒத்துழைப்பைத் ‘தெற்குலக நாடுகளிடையே ஒத்துழைப்பு’ என்று விரித்தே எழுதலாம்.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை. உலக வணிக அமைப்பில் ‘வளரும் நாடு’ என்பது சலுகை தொடர்பான சட்டத் தகுதி. ஒரு நாடு தானே அறிவித்துக்கொள்வது. அந்த இடத்தில் ‘தெற்குலகம்’ என்று மாற்றி எழுதினால் பொருள் கெடும். ரஷ்யா பிரிக்ஸில் (தென்னாப்பிரிக்கா சேர்ந்த பிறகு ‘பிரிக்’ பெற்ற பெயர்) இருக்கிறது, ஆனால் 77 நாடுகள் குழுவில் இல்லை; எனவே பிரிக்ஸையும் தெற்குலகத்தையும் ஒன்றாக எழுதுவதும் தவறு. சீனாவைப் பொறுத்தவரை ஐ.நா. ஆவணங்களே ‘77 நாடுகள் குழுவும் சீனாவும்’ என்று பிரித்து எழுதுகின்றன. மொழிபெயர்ப்பாளர் அந்த ‘உம்’மை விட்டுவிடக் கூடாது.