காலுக்கு ஒரு தாளம், கைக்கு ஒரு தாளம்

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று காலால் சீராகத் தட்டுங்கள். அதன் மேல், ஒரு தட்டுக்கு நாலு எழுத்து வீதம், ‘தகிட தகிட தகதிமி தக தகதிமி’ என்று சொல்லுங்கள். சரி, இப்போது ஒவ்வொரு சொல்லும் தொடங்கும் இடத்தில் கை தட்டுங்கள். முதல் இரண்டு முறை கண்டிப்பாகத் தடுமாறும்.

கூட்டிப் பார்த்தால் 3+3+4+2+4, மொத்தம் 16. நம் சொற்கட்டு இங்கே எண்ணுவதற்கு மட்டும்தான். தாளம் கியூபாவுடையது, பெயர் சோன் கிளாவே. லத்தீன் அமெரிக்கத் தாளமும் ராக் இசையும் கலந்த ‘லத்தீன் ராக்’ எப்படி ஒட்டியது என்று புரிய, இங்கிருந்து தொடங்கலாம். இரண்டு உருட்டுக் கட்டைகளை மோதி வாசிப்பார்கள். ஐந்து தட்டுகளில் முதலும் கடைசியும்தான் காலோடு சேரும். நடுவிலுள்ள மூன்றும் கால் தட்டுகளுக்கு இடையில் போய் விழும்.

ராக் டிரம்மருக்கு இந்தக் குறும்பெல்லாம் கிடையாது. காலின் இரண்டாவது, நாலாவது அடிகளில் ஸ்னேரை, அதாவது ‘சடக்’ என்று ஒலிக்கும் டிரம்மை, ஓங்கி அடிப்பார். இரண்டாவது அடியில் கிளாவே மௌனம். அந்த வெற்றிடத்தை ஸ்னேர் நிரப்பும். நாலாவதில் இரண்டும் ஒன்றாக விழும். இடையில் இழுபறி, முடிவில் சமாதானம். உடம்பு ஆடக் கேட்பது அந்த இழுபறிக்குத்தான்.

லத்தீன் தாளங்களில் ராக் சுலபமாக நுழைந்த கதவு சா-சா-சா. ஆடுகிறவர்கள் சிக்கலான நடையில் தடுமாறுவதைப் பார்த்த கியூபாக்காரர் என்ரிக்கே ஹொரின், 1950களின் தொடக்கத்தில் அதை நேராக்கினார்; பிறந்தது சா-சா-சா. மணி ஒவ்வொரு அடியிலும் ‘டங், டங்’ என்று ஒலிக்கும். கராஜ் ராக் என்ற கரடுமுரடான, எளிய ராக்கின் தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்ட ‘லூயி லூயி’ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அந்த மூன்று கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு) ரிஃப்கூட ஒரு சா-சா-சா பாட்டிலிருந்து ரிச்சர்ட் பெர்ரி எடுத்ததுதான். எத்தனை பேருக்குத் தெரியும்!

அப்புறம் கிட்டார் கலைஞர் கார்லோஸ் சான்டானாவின் ராக் குழு. லத்தீன் இசைக்கலைஞர் டிட்டோ புவென்டே 1962இல் வெளியிட்ட ‘ஓயே கோமோ வா’வும் சா-சா-சாதான். 1970இல் சான்டானா குழு அதை எடுத்தபோது கையால் தட்டும் கொங்காவையும் குச்சியால் அடிக்கும் டிம்பாலேயையும் அப்படியே விட்டுவைத்தது. புல்லாங்குழலும் பித்தளை வாத்தியங்களும் இருந்த இடத்துக்கு ஹாமண்ட் ஆர்கனும் எலெக்ட்ரிக் கிட்டாரும் வந்தன.

இது ஏன் ஒட்டியது? பாட்டில் பெரும்பாலும் இரண்டே கார்டுகள், ஏ மைனரும் டி-யும். சுருதிப் பக்கம் பெரிய நகர்வு இல்லாததால் காது தாளத்துக்குப் போய்விடுகிறது. இன்னொன்று, ஒலியின் நீளம். கொங்காவின் தோல் ஒலி எழுந்த வேகத்தில் அடங்கிவிடும். கிட்டாரின் கதை வேறு: ஆம்ப்ளிஃபையரைத் திணறும் அளவுக்கு ஏற்றினால், தந்தியின் ஒலி உச்சம் நசுங்கி, வால் நீளும். ஒரே சுரம் பல அடிகளுக்கு நிற்கும். கீழே குட்டிக் குட்டித் தட்டுகள், மேலே ஒரு நீண்ட கோடு. ஒன்றின் இடத்தை இன்னொன்று பிடிப்பதில்லை.

வழக்கமான ராக் பாட்டில் கொங்காவை ஓரமாகச் சேர்த்துவிட்டு ‘லத்தீன் ராக்’ என்று சொல்லிக்கொள்ளும் பதிவுகள் ஏராளம். அவற்றில் டிரம்மர் எல்லா இடைவெளியையும் தானே அடித்து நிரப்பிவிடுவார். கொங்கா வாசிப்பவர் பாவம், படத்தில் மட்டும் தெரிவார்.