வீட்டில் அப்பாவின் துப்பாக்கி இருக்கிறதா? முதலில் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்

துப்பாக்கி லைசென்ஸ் என்றதும் அரசியல்வாதி, ரியல் எஸ்டேட் அதிபர், நகைக்கடை முதலாளி என்றுதான் நினைப்பு ஓடும். கலெக்டர் அலுவலகத்தில் இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் வேறு முகங்கள் தெரியும். மலையடிவாரத்தில் நிலக்கடலை போட்டவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று பேங்க் காவலுக்குப் போகிறவர், தாத்தா விட்டுச்சென்ற ஒற்றைக்குழலை என்ன செய்வதென்று தெரியாத பேரன். இவர்கள் யாரையும் சுட்டதில்லை. ஆனால் டெல்லியில் விதி மாறும்போதெல்லாம் முதலில் மாட்டுவது இவர்கள்தான். கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அவனுக்கு எந்தக் கெடுவும் இல்லை.

பின்னணி இவ்வளவுதான். ஆயுதச் சட்டம் 1959 மத்திய அரசின் சட்டம், அதன் கீழ் இப்போது நடப்பில் உள்ளவை 2016-ஆம் ஆண்டு விதிகள். லைசென்ஸ் கொடுப்பது மாவட்டத்தில் கலெக்டர், கமிஷனரேட் உள்ள நகரங்களில் போலீஸ் கமிஷனர். 2019 நவம்பரில் வந்த திருத்த மசோதா, ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்ற வரம்பை ஒன்றாகக் குறைக்கப் பார்த்தது. பரம்பரையாக வைத்திருப்பவர்களும் துப்பாக்கி சுடும் வீரர்களும் கிளப்பிய எதிர்ப்புக்குப் பிறகு அது இரண்டானது. 2019 டிசம்பர் 14 முதல் அதுதான் சட்டம். லைசென்ஸ் காலமும் மூன்று வருடத்திலிருந்து ஐந்து வருடமானது. கேட்க நல்ல செய்தி. ஆனால் அதை நம்பி உங்கள் பழைய புத்தகத்துக்குத் தானாக இரண்டு வருடம் கூடிவிட்டதாக நினைக்காதீர்கள். புத்தகத்தில் முத்திரையோடு எழுதியிருக்கும் தேதிதான் உங்கள் தேதி.

அதே திருத்தம் தண்டனையையும் ஏற்றியது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை. திருட்டுத் துப்பாக்கியோடு பிடிபட்டவனுக்கும், புதுப்பிக்க மறந்த வாத்தியாருக்கும் புகுத்தப்படும் பிரிவு ஒன்றுதான். கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால்

அதிகம் பேர் விழும் குழி இது. அப்பா இறந்த அன்றே அவருடைய லைசென்ஸும் முடிந்தது. துப்பாக்கி மட்டும் பீரோவில் அப்படியே இருக்கிறது. பதினாறாம் நாள் முடியட்டும், பட்டா மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று குடும்பம் விட்டுவிடும். சட்டப்படி அந்த வீட்டில் இப்போது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி இருக்கிறது. ‘தேவையில்லாத தாமதம் இல்லாமல்’ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. இரண்டில் எது என்பது உங்கள் விருப்பம். இதை ஸ்டேஷனில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, ஒப்படைக்கப் போனால் என்ன நடக்கிறது? முன்னாள் ராணுவத்தினர் ஒருவரின் மனைவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டேஷனில், “லைசென்ஸ் உங்க பேர்ல இல்லையே, கலெக்டர் ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா” என்றார்கள். கலெக்டர் அலுவலகத்தில், “முதல்ல ஸ்டேஷன்ல ஒப்படைச்ச ரசீதைக் கொண்டு வாங்கம்மா, அப்புறம்தான் ஃபைல் போட முடியும்” என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த அம்மா நடந்துகொண்டே இருந்தார், இரட்டைக்குழல் துப்பாக்கி கோணியில் சுற்றியபடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நாளைக்கு ஒரு சோதனை வந்திருந்தால் குற்றவாளி அவர்தான். ரசீது கேட்டவரும் லெட்டர் கேட்டவரும் இல்லை.

இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி எழுத்து. இன்னார் இந்தத் தேதியில் இறந்தார், இந்த எண்ணுள்ள துப்பாக்கியும் இத்தனை தோட்டாவும் வீட்டில் இருக்கின்றன, 21-ஆம் பிரிவின்படி ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம், பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு மனு. இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் நகல். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த விவரத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். இறப்புச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்காதீர்கள். பதில் வரும் முன்னால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். லைசென்ஸ் இல்லாதவர் அதை வழியில் எடுத்துச் செல்வது இன்னொரு சிக்கல். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளும்படி மனுவிலேயே கேளுங்கள்.

ரசீதைக் கண்ணால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘துப்பாக்கி ஒன்று பெறப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தால் அது ரசீதே இல்லை. கம்பெனி பெயர், உடலில் பொறித்த எண், ஒற்றைக்குழலா இரட்டைக்குழலா, எத்தனை போர் (குழலின் உள்ளளவு), தோட்டா எத்தனை, என்ன நிலையில் இருக்கிறது, எல்லாம் வேண்டும். தருவதற்கு முன் எண்ணெய் போட்டுத் துடைத்து, எண் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் அறையில் கிடக்கும் துப்பாக்கியை யாரும் துடைக்கப் போவதில்லை. கடையில் கொடுத்தால் பராமரிப்பு நன்றாக இருக்கும், ஆனால் மாத வாடகை உண்டு. அதை முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள்.

ஒப்படைத்ததோடு மறந்துவிடவும் கூடாது. குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறாத, விற்காத துப்பாக்கி அரசுக்குப் போய்விடும். ஃபைல் நகரவில்லை என்பதால் அந்தக் காலம் நிற்காது.

வாரிசு துப்பாக்கியைத் தன் பெயரில் வாங்க நினைத்தால், வாரிசுச் சான்றிதழ் மட்டும் போதாது. அது நிலத்துக்கும் பேங்க் கணக்குக்கும் செல்லும், துப்பாக்கிக்கு லைசென்ஸ் ஆகாது. புது ஆள் விண்ணப்பிப்பது போலவே வயது 21, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் கேட்பார்கள். வெளிநாட்டில் ஒரு தம்பி இருந்தால் அங்கேயே மாதங்கள் ஓடும், முதலில் அவரிடம் பேசுங்கள். அப்புறம், விண்ணப்பம் போக வேண்டியது வாரிசு குடியிருக்கும் ஊருக்கு. அப்பாவின் துப்பாக்கி தஞ்சாவூரில், மகன் சென்னையில் என்றால் ஃபைல் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் மாட்டும். தடையில்லாக் கடிதம் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பதைப் பிரிவு எழுத்தரிடம் கேட்டு, கடித எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். ‘அனுப்பியாச்சு’ என்ற சொல்லை எண் இல்லாமல் ஏற்காதீர்கள்.

இதையெல்லாம் தவிர்க்க விதியிலேயே வழி இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முந்தியோ அப்போது, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசைக் காட்டி அவர் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். அப்பா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். வீட்டில் இதைப் பேசச் சங்கடமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது துப்பாக்கி, பதினெட்டு இலக்க எண்

2019-இல் மூன்று வைத்திருந்தவர்கள், இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். அந்தக் கெடு 2020 டிசம்பரிலேயே முடிந்தது. கொரோனா வருடம், பலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. இன்னும் மூன்றாவது வீட்டில் இருந்தால் நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒரு வக்கீலை வைத்து எழுத்து மூலமாக ஒப்படையுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். வாரிசு வழியில் வரும் துப்பாக்கிக்கும் இந்த இரண்டு என்ற வரம்பு உண்டு. ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் மகன் அப்பாவுடையதையும் சேர்க்க முடியாது.

இன்னொன்று யு.ஐ.என். என்ற அந்தப் பதினெட்டு இலக்க அடையாள எண். லைசென்ஸ்தாரர் எல்லோரையும் மத்திய உள்துறையின் கணினிப் பதிவேட்டில் ஏற்றி, ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது, அதனாலேயே பலர் இன்னும் நீட்டுவார்கள் என்று இருந்துவிட்டார்கள். இதில் வேடிக்கை, எண் ஏற்றும் வேலை லைசென்ஸ்தாரருடையது அல்ல, அலுவலகத்துடையது. ‘டேட்டா என்ட்ரிக்கு’ என்று புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் மாறி, பிரிவு மாறி, கடைசியில் “உங்க புத்தகம் இங்க வரவே இல்லையே சார்” என்ற பதிலைக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அசல் புத்தகத்தை எதற்காகவும் ஒப்புகை இல்லாமல் தராதீர்கள். எல்லாப் பக்கமும், பின்னட்டை உட்பட, கலர் நகல் எடுத்து வையுங்கள். எண் ஏறியிருந்தாலும் எழுத்துப் பிழையைப் பாருங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், புத்தகத்தில் வேறு இனிஷியல் என்றால் புதுப்பிக்கும்போது அதுவே போதும் திருப்பி அனுப்ப.

புதுப்பிக்கக் கடைசி வாரம் வரை இருக்காதீர்கள், இரண்டு மாதம் முன்னாடியே மனு போடுங்கள். போட்ட தேதி தெரியும் ஒப்புகையும் பணம் கட்டிய சலானும்தான், ஃபைல் தூங்கும் மாதங்களில் உங்களைக் காப்பாற்றும்.

போலீஸ் ரிப்போர்ட்டில் வரும் ஒற்றை வரி

லைசென்ஸ் பெறவிடாமல் ஆயுதச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தடுப்பது யாரை? 21 வயது ஆகாதவர், வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்று அது முடிந்து ஐந்து வருடம் ஆகாதவர், அமைதி காக்கவோ நன்னடத்தைக்கோ பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க உத்தரவிடப்பட்டு அந்தக் காலம் முடியாதவர். இன்னும் சில உண்டு, பெரும்பாலோருக்கு அவை வராது.

கிராமத்தில் சிக்கல் மூன்றாவதில். திருவிழாத் தகராறு, வரப்புத் தகராறு என்றால் இரண்டு தரப்பிலும் பத்துப் பத்துப் பேரைப் பிடித்து 107 (அமைதி காக்கப் பிணைப் பத்திரம் கேட்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு) போடுவது வழக்கம். இப்போது அது புதிய சட்டத்தில் 126. ஆர்.டி.ஓ. முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள். லைசென்ஸ் ஃபைலில் அது ‘107 வழக்கு உள்ளது’ என்று ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும், பல வருடம் கழித்தும். நோட்டீஸ் வந்தது வேறு, பத்திரம் எழுத உத்தரவானது வேறு, காலம் முடிந்த பத்திரம் வேறு. வழக்கு முடிந்த உத்தரவின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கி வையுங்கள். கேட்ட பிறகு தேடினால் பதிவறையில் கிடைக்காது. அதேபோல் எஃப்.ஐ.ஆர். நிலுவையில் இருப்பது மட்டும் 9-ஆம் பிரிவின் தடை அல்ல. தடை தண்டனைக்குத்தான்.

போலீஸ் அறிக்கைக்கு விதி கொடுக்கும் காலம் 30 நாள். வராவிட்டால் அதற்காகக் காத்திராமல் முடிவெடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. எடுக்க மாட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால் அதுவும் அதே பிரிவுக்கே வரும். அதைவிட, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு, அறிக்கை கேட்ட தேதி, வந்த தேதி, இப்போது ஃபைல் யார் மேஜையில் என்று கேளுங்கள். பல ஃபைல்கள் பதில் எழுத வேண்டிய அந்த 30 நாளுக்குள்ளேயே எழுந்து நடக்கின்றன.

தேர்தல் நேரத்தில் எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவிப்பு வரும். தேர்தல் ஆணையத்தின் வழிமுறை அப்படியல்ல. ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் சேர்ந்தவர் என்று ஆய்வுக் குழு ஒவ்வொரு லைசென்ஸாகப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். உயர் நீதிமன்றங்களும் இதைச் சொல்லியிருக்கின்றன. ஆனால் ஸ்டேஷனில் நின்று வாதாடாதீர்கள். பேங்க் காவல் வேலை என்றால் பேங்க் கடிதத்தோடு விலக்குக் கேட்டு முன்னாலேயே மனு கொடுங்கள். மற்றவர்கள் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்து ஒரு வாரம் ஆனதும் ரசீதோடு போய் நில்லுங்கள். அவர்களாகக் கூப்பிட மாட்டார்கள்.

காட்டை ஒட்டியிருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதி அதில் இல்லை. தமிழக அரசு 2025-இல் கொண்டுவந்த ஏற்பாட்டிலும், காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், சுடுவது வனத்துறை ஆட்கள்தான். வேட்டுச் சத்தத்தில் விரட்டப்போய்ப் பன்றி செத்தால் வனத்துறை வழக்கு உங்கள் மேல் வரும், துப்பாக்கியும் போகும். இரண்டாவது, சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தனியாகப் பெயர் பதிய வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் அங்கே புது லைசென்ஸும் கிடையாது. கலெக்டர் அலுவலகத்தில் அலைந்து எல்லாம் முடித்த பிறகு ‘வனத்துறை தடையின்மை எங்கே’ என்று கேட்பார்கள். மனுவோடு சேர்த்தே அதற்கும் எழுதிவிடுங்கள்.

லைசென்ஸ் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கேட்டால் தர வேண்டும். சொத்து போதாது என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். உத்தரவின் தேதிக்கும் அது உங்கள் கைக்கு வந்த தேதிக்கும் நடுவில் மூன்று வாரம் ஓடியிருப்பது சகஜம், அதனால் தபால் கவரைக் கிழித்துப் போடாமல் முத்திரையோடு வைத்துக்கொள்ளுங்கள்.