டெட் கேஸ்9னா "இறந்த கேஸ்9" இல்லீங்க

கேஸ்9ங்கறது டிஎன்ஏவ வெட்டுற ஒரு புரதம், அத வெட்டாதபடி மாத்துனா இங்கிலீஷ்ல டெட் (dead) கேஸ்9னு பேரு. அத தமிழ்ல "இறந்த கேஸ்9"னு போடுறத இன்னும் எத்தனை எடத்துலதான் பாக்குறது. படிக்கிற புள்ளைங்க என்ன நெனைக்கும், புரதம் கெட்டுப்போச்சு, இனி ஒன்னுத்துக்கும் ஆகாதுன்னுதானே?

கேஸ்ங்கறது கிரிஸ்பரோட (பாக்டீரியாகிட்ட இருந்து எடுத்து மரபணுவ திருத்தப் பயன்படுத்துற ஏற்பாடு) தொடர்புடையதுன்னு இங்கிலீஷ்ல சொல்றதோட சுருக்கம், முன்னாடி வர்ற டெட் அங்க வெட்டுற வேலைய மட்டும்தான் குறிக்குது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் பாக்டீரியாவோட கேஸ்9ல 1368 அமினோ அமிலம், வெட்டுற பகுதி ரெண்டு, டிஎன்ஏவோட இழைக்கு ஒன்னு. 10வது எடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலத்தையும் 840வது எடத்து ஹிஸ்டிடினையும் அலனினா மாத்திட்டா ரெண்டும் வெட்டாது. ஆனா வழிகாட்டி ஆர்என்ஏ காட்டுற எடத்துக்குப் போய் டிஎன்ஏவ கெட்டியா புடிச்சுக்கும். 2013ல இத வச்சுத்தான் பாக்டீரியாவுல மரபணுவ வெட்டாமலே அடக்கிக் காட்டுனாங்க, இது வழிமறிச்சு உக்காந்துட்டா மரபணுவ படியெடுக்கற ஆர்என்ஏ பாலிமரேஸ் தாண்டிப் போக முடியாது. செத்தது இந்த வேலையெல்லாம் பாக்குமா?

"மொன்னை கேஸ்9"னும் சிலர் சொல்றாங்க. நல்ல தமிழ்ச்சொல்லு, மறுக்கல. ஆனா சாதா கேஸ்9 டிஎன்ஏவ வெட்டுனா ரெண்டு இழையும் பெரும்பாலும் ஒரே மட்டத்துல அறுந்து மொன்னை முனைதான் வரும், அந்த முனைக்கு மொன்னைய விட்டா வேற நல்ல சொல்லு கெடையாது. ஒரே பத்தியில ரெண்டுக்கும் மொன்னைன்னு போட்டா எது எதுன்னு யாருக்குப் புரியும்? அதுவும் போக மொன்னைன்னா தேஞ்சுபோனது, தீட்டுனா திரும்ப வெட்டும். இது தேஞ்சதில்ல, தேர்ந்தெடுத்து மாத்துனது. "செயலிழந்த"னு போடுறதும் அதே கோளாறு, எந்தச் செயல்னு சொல்லவே இல்ல.

"வெட்டா கேஸ்9"னு சொல்லுங்க. வாடா மலர், பொய்யா மொழின்னு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நம்மகிட்ட எப்பவோ இருக்கு, எந்த வேலை இல்லைங்கறத சொல்லுக்குள்ளயே வச்சுக் குடுக்குது. வெட்டுற ரெண்டு பகுதியில ஒன்ன மட்டும் மாத்துன கேஸ்9க்கு நிக்கேஸ்னு பேரு, அதுக்கும் "ஓரிழை வெட்டி"ன்னு சுலபமா வருது, டிஎன்ஏவுல ஒத்த எழுத்த மாத்துற பேஸ் எடிட்டர் பலதுலயும் இருக்கறது இதுதான். கேஸ்9ங்கறது பேரு, அத அப்படியே விட்றலாம், தனித்தமிழ்னு அதையும் போட்டு உடைக்க வேணாம்.

மொழிபெயர்க்கிறவங்க அகராதியில டெட்டுக்கு என்ன போட்டிருக்குன்னு தேடுறாங்க, அந்தப் புரதம் என்ன செய்யுதுன்னு ஒரு பத்தி படிக்க மாட்டேங்கறாங்க. அதனாலதான் ஒரே கட்டுரையில மேல "இறந்த புரதம்"னு எழுதிட்டு நாலு வரி தள்ளி "அது மரபணுவ கட்டுப்படுத்துது"ன்னு எழுதுறாங்க.