ஒரு மாத மாத்திரையும் ஆறாம் வகுப்போடு நிற்கும் படிப்பும்

மொராக்கோவின் ஹை அட்லஸ் மலைகளில், 4,167 மீட்டர் உயரத் துப்கால் சிகரத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றில் தார்ச்சாலை பாதியிலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் கோவேறு கழுதைப் பாதைதான். அங்குள்ளவர்களைப் பிறர் பெர்பர்கள் என்கிறார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது அமாஸிக் என்று. 2023 செப்டம்பர் 8 இரவு 6.8 அளவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ 3,000 பேர் இறந்தது இந்தப் பகுதியில்தான். உதவ நினைப்பவர்கள் மருந்துப் பெட்டியைக் கட்டும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருநாள் மருத்துவ முகாமில் அடிக்கடி தவறிப்போவது ரத்த அழுத்தம். மேடேறி வந்தவரை உடனே உட்காரவைத்து, தடித்த கம்பளி அங்கியின் கைமேலேயே அளவுக் கருவியின் பட்டையைச் சுற்றி அளந்தால் வரும் எண்ணை நம்பவே முடியாது. 5 நிமிடம் உட்காரவிடுங்கள். கையை வெறுமையாக்கி, இதய மட்டத்தில் தாங்கி, இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். உயர் ரத்த அழுத்தம் இருப்பது உறுதியானால், அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் பதியாமல் மாத்திரை தொடங்கக் கூடாது. 30 மாத்திரை கொடுத்துவிட்டுக் குழு இறங்கிவிடும். 31ஆம் நாள் அவர் என்ன செய்வார்? உள்ளூர் மருந்துக்கடையில் கிடைக்காத மருந்தைத் தொடங்குவதும் இதே தவறுதான். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்கு இன்னும் ஓராண்டாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

அடுத்தது மொழி. மேற்கு ஹை அட்லஸில் வீட்டில் பேசுவது தஷெல்ஹீத். மருத்துவர் அரபியில் கேட்பார், சீட்டைப் பிரெஞ்சில் எழுதுவார். பள்ளிக்கூடம் போகாத தாய்க்கு இரண்டுமே எட்டாது. மகனை மொழிபெயர்க்கச் சொன்னால் உதிரப்போக்கைப் பற்றி அவர் வாயே திறக்கமாட்டார். தஷெல்ஹீத் பேசும் பெண் ஒருவரைச் சம்பளம் கொடுத்தே கூட்டிச் செல்லுங்கள். மருந்து உறையில் எழுத்துக்குப் பதில் பகல் வேளைக்குச் சூரியனும் இரவு வேளைக்குப் பிறையும் வரையுங்கள். ரமலான் மாதத்தில் அந்த வேளைக்கணக்கு மாறும், அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்குக்கான உப்பு சர்க்கரைக் கரைசலில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. அளவு என்னவோ எளிது: 1 லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. ஆனால் அங்கே தேநீருக்குப் பல வீடுகளில் இருப்பது கூம்பு வடிவக் கட்டிச் சர்க்கரை. சுத்தியால் தட்டி உடைத்துப் போடுவார்கள். கட்டியைக் கரண்டியில் அளக்க முடியாது, பொடித்துத்தான் அளக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே சொல்லிக் காட்டினால் போதாது; அவர்கள் வீட்டுக் கரண்டி, அவர்கள் வீட்டுப் பாத்திரம் வைத்து, தாயையே ஒருமுறை கலக்கச் சொல்லுங்கள். கையோடு கொண்டுபோகும் மிட்டாயைப் பிள்ளைகளுக்கு வீசாதீர்கள். பல் மருத்துவர் இருப்பது மலைக்குக் கீழே, வெகு தொலைவில்.

தேள் கொட்டினால் கயிறு கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். கொட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தை என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது.

படிப்புக்கு வருவோம். தொடக்கப் பள்ளி ஊரிலேயோ பக்கத்திலேயோ இருக்கும். 6ஆம் ஆண்டோடு அது முடிந்துவிடும். அடுத்த பள்ளி பள்ளத்தாக்கின் கீழே, சந்தை கூடும் ஊரில். பையன் உறவினர் வீட்டில் தங்குவான். 12 வயதுப் பெண்ணை அப்படி அனுப்பப் பெற்றோருக்கு மனம் வராது, அது நியாயமும்கூட. பள்ளிக்கு நடை தூரத்தில் பெண் பிள்ளைகளுக்கு விடுதி அமைத்தால் இந்தத் தடை விலகும். எஜுகேஷன் ஃபார் ஆல் என்ற அமைப்பு 2007இல் இதே மலைப்பகுதியின் அஸ்னி என்ற ஊரில் தொடங்கியது இதைத்தான். விடுதியை நடத்துபவர் அதே மலையைச் சேர்ந்த, தஷெல்ஹீத் பேசும் பெண்ணாக இருந்தால்தான் தாய்மார்கள் நம்பி அனுப்புவார்கள்.

கட்டடத்துக்குப் பணம் தர ஆள் கிடைப்பார்கள். விடுதிப் பொறுப்பாளர் சம்பளம், சமையல், வெந்நீருக்கு எரிவாயு, விடுமுறைக்கு ஊர் போய்வர வண்டி, இவற்றுக்குத்தான் கிடைப்பதில்லை. தொடக்கப் பள்ளிக்குப் பின் நடுநிலைப் பள்ளி 3 ஆண்டு, மேல்நிலைப் பள்ளி 3 ஆண்டு. முதல் பெண்ணைச் சேர்க்கும் அன்றே அந்த 6 ஆண்டுச் செலவுக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். நடுவில் பணம் நின்று ஒரு பெண் திரும்பிப் போனால், அந்த ஊரிலிருந்து அடுத்த பெண்ணை அனுப்பமாட்டார்கள். பனிக்காலத்துக்குத் தனி இருப்பும் வேண்டும்: மேல்பாதை மூடிக்கொண்டால் வார இறுதியில் பிள்ளைகள் வீடு போக முடியாது. அந்த நாட்களுக்கான மாவு, பருப்பு, எண்ணெய், போர்வை எல்லாம் முதல் பனி விழும் முன்பே உள்ளே வந்திருக்க வேண்டும்.