‘கொழிஞ்சாம்பாறை’ ஏன் பட்டனுக்குள் அடங்குவதில்லை?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனால் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். அங்கிருந்து வாசகர் ஒருவரின் கேள்வி: பால் சொசைட்டி ஆப்பை இங்கிலீஷில் வைத்தால் ஒழுங்காக இருக்கிறது, தமிழுக்கு மாற்றினால் பட்டனில் எழுத்தின் கால், அதாவது அடிப்பகுதி, வெட்டுப்படுகிறது, மலையாளத்துக்கு மாற்றினாலும் அதே கதி. போன் பழசாகிவிட்டதா?

போன் மேல் பழி வேண்டாம். அந்த ஸ்கிரீனை வரைந்தவரின் மேஜையிலேயே நேர்ந்த பிழை இது.

ஸ்கிரீன் டிசைனர் என்றால் நாளெல்லாம் கலர் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று ஒரு நினைப்பு. கலருக்கு ஆகும் நேரம் சொற்பம்: எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) 4.5:1க்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். விரல் படும் இடத்தின் அளவும் முன்பே முடிவானது. ஆண்ட்ராய்டில் 48 டிபி (ஸ்கிரீனை அளக்கும் அலகு). அங்குலத்துக்கு 160 டிபி என்ற கணக்கில் சுமார் 7.6 மில்லிமீட்டர். மீதி நேரமெல்லாம் பெட்டி போடுவதில் போகிறது. ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் 360 டிபி அகலத்தில் ஒரு ஃபிரேம் திறந்து, பெட்டிக்குள் பெட்டி வைத்து, எது எவ்வளவு விரியலாம், எங்கே நிற்க வேண்டும் என்று டெவலப்பருக்குக் குறித்துக் கொடுப்பது. பெட்டியை அளக்கும்போது உள்ளே கிடப்பது பெரும்பாலும் இங்கிலீஷ் சொல். வம்பு அங்கேதான்.

வாசகரின் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் 7 எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கணினியில் சேமிக்கும் யூனிகோடில் 14 குறியீடு. ‘கொ’வுக்கு இரண்டு குறியீடு: முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஆனால் ஸ்கிரீனில் மூன்று உருவம் வரைய வேண்டும்: கொம்பு, க, துணைக்கால். பின்னால் வந்த குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை க-வுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் மென்பொருளுக்கு ஷேப்பிங் என்ஜின் என்று பெயர். ஆண்ட்ராய்டில் இருப்பது ஹார்ஃப்பஸ். ‘றை’யிலும் இதே வேலை: சேமிப்பில் ற முன்னால், கண்ணுக்கு ஐகாரக் குறி முன்னால். வாய் சொல்லும் வரிசையில் சேமித்து, கை எழுதும் வரிசையில் காட்டுவது! தமிழுக்குக் கணினியில் அமைந்த ஏற்பாடுகளில் எனக்கு இதுதான் மிகப் பிடித்தது.

இது தெரியாத டெவலப்பர், நீளமான பெயரை 9 குறியீட்டோடு வெட்டினால் ‘கொழிஞ்சாம’ என்று புள்ளி போய் நிற்கும். 20 பைட் என்று வெட்டினால் இன்னும் மோசம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஏழாவது குறியீடு பாதியில் அறுந்து, கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் வரும்.

இனி கால் வெட்டுக்கு வருவோம். ‘ழி’யில் தலைக்கு மேல் கொக்கி, அடியில் வால். மலையாளத்தில் ‘பட்டாம்பி’ என்று எழுதினால் இரண்டு ‘ட’வும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். இவற்றுக்கு எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு வரி உயரம் வேண்டும், இங்கிலீஷுக்கு 1.2 மடங்கு போதும். 48 டிபி உயரப் பட்டனில் மேலும் கீழும் 12 இடைவெளி விட்டால், எழுத்துக்கு மிஞ்சுவது 24. எழுத்தளவு 16 என்றால் தமிழுக்கு 16×1.5 = 24. இம்மி பிசகாமல் பொருந்துகிறது, டிசைனரும் நிம்மதியாகப் படுக்கப் போகிறார். பெரியவர் ஒருவர் செட்டிங்ஸில் எழுத்தை 1.3 மடங்காக்குகிறார். இப்போது தமிழுக்கு 31 வேண்டும், ஆக 7 வெட்டுப்படும். இங்கிலீஷுக்கு 25; வெட்டுப்படும் அந்த ஒன்றும் வெற்றிடம்தான், யாருக்கும் தெரியாது. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை இரு மடங்கு வரை பெரிதாக்கலாம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, முன்பு ஏன் வெட்டுப்படவில்லை? தமிழ், மலையாளம், தெலுங்கு போன்றவற்றுக்கு ஆண்ட்ராய்டு வெகுகாலம் உயரம் குறுக்கிய எழுத்துருவைக் கொடுத்துவந்தது. இங்கிலீஷ் பெட்டி உடையாமலிருக்க நம் எழுத்து குனிந்து நின்றது. ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காக வைத்து ஆப்பைப் புதுப்பித்தால், முழு உயர எழுத்தே இயல்பாக வரும். எழுத்து நிமிர்ந்தது, பெட்டி நிமிரவில்லை. மலையாள எழுத்துருக்கள் பலவற்றை ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு பராமரித்துவருகிறது. எழுத்துருவுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதைவிட, இப்படிச் சோதித்துத் திருத்துகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுப்பது உருப்படியான செலவு என்பேன்.

தீர்வு எளிது. உயரத்தை 48 என்று பூட்டாமல், ‘குறைந்தது 48’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபிக்மாவில் ஆட்டோ லேஅவுட் போட்டு, உயரத்தை உள்ளடக்கத்தின் போக்கில் விட வேண்டும். இரண்டு வரிக்கும் இடம் தர வேண்டும். முதல் நாளே ‘கொழிஞ்சாம்பாறை’யை உள்ளே போட்டு, எழுத்தை 1.3 மடங்கிலும் 2 மடங்கிலும் பார்த்துவிட வேண்டும். புது ஆப்பை ராகு காலத்தில் வெளியிட வேண்டாம் என்பார்கள். ராகு காலம் எப்படியோ, வெள்ளிக்கிழமை வேண்டாம்: வெட்டுப்பட்டால் திருத்த இரண்டு நாளைக்கு ஆபீஸில் ஆள் இருக்காது.

வாசகர் செய்ய வேண்டியது: செட்டிங்ஸில் டிஸ்ப்ளே போய், ஃபான்ட் சைஸை ஒரு படி குறைத்துப் பாருங்கள். கால் திரும்பி வந்தால் பெட்டிதான் குற்றவாளி. சைஸைப் பழையபடி வைத்து, வெட்டுப்பட்ட ஸ்கிரீனை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போன் மாடல், ஆண்ட்ராய்டு எண், ஃபான்ட் சைஸ் எந்தப் படியில் இருந்தது என்ற மூன்றையும் எழுதி சொசைட்டிக்கு அனுப்புங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால், ‘எங்கள் போனில் நன்றாகத்தானே தெரிகிறது’ என்று பதில் வரும்.