பெரிய கார்பரேட்டருக்கு முன் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்

கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்துக்கு அருகே சாலைத் தடுப்பில் முட்டிய பிரீமியர் பத்மினி ஒன்று சென்ற வாரம் எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. ஓட்டி வந்தவருக்கு நெற்றியில் சில தையல்களோடு போயிற்று. பானட்டைத் திறந்தால் பளபளவென்று ஒரு வெபர் 40, அதாவது இத்தாலிய கார்பரேட்டர். சக்கரங்களைக் கழற்றினால் ரிவெட்டு தெரியும் அளவுக்குத் தேய்ந்த பிரேக் லைனிங், பின்பக்க வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிவு. அந்தக் கார்பரேட்டருக்குக் கொடுத்த விலையில் ஒரு சிறு பகுதியைச் செலவிட்டிருந்தால் நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் புதிதாக்கியிருக்கலாம். வண்டியின் நிறம் மட்டும் மாறி, இதே நிலையில் வருகிற கார்களைப் பார்த்துச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் அசல் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. நம் கைக்கு வருபவை பெரும்பாலும் ஃபியட் 1100-உம் அதன் வழியில் மும்பை குர்லாவில் உருவான பத்மினியும்தான். அவற்றில், ஃபியட்டுகளைப் பந்தயத்துக்கு மெருகேற்றிய அபார்த் நிறுவனத்தின் தேள் சின்னத்தை ஒட்டிக்கொண்டு, ‘இதை ஆல்ஃபா ரோமியோ மாதிரி பறக்க வையுங்கள்’ என்று கேட்கிறார்கள். பிரீமியர் 118 என்இ வைத்திருக்கும் ஒருவர் தம் வண்டியின் இத்தாலிய என்ஜினைப் பற்றி என்னிடம் நெடுநேரம் பெருமை பேசினார். அதன் உடல் ஃபியட் 124-இன் உடல்தான் என்றாலும் உள்ளே இருப்பது நிசான் ஏ12 என்ஜின் என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லோரையும் பிடித்து ஆட்டும் தவறான எண்ணம் ஒன்று உண்டு: கார்பரேட்டர் பெரிதானால் சக்தி பெருகும் என்பது. கார்பரேட்டர் சக்தியை உண்டாக்குவதில்லை. என்ஜின் உறிஞ்சும் காற்றுக்கு ஏற்ற அளவில் பெட்ரோலைக் கலந்து கொடுப்பது மட்டுமே அதன் வேலை; எவ்வளவு காற்றை உறிஞ்சுவது என்பதை முடிவு செய்பவை சிலிண்டரின் கொள்ளளவு, வால்வுகளின் அளவு, அவற்றைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் வடிவம், சிலிண்டர் ஹெட்டில் உள்ள துளைகள், சுழலும் வேகம் ஆகியவை. பத்மினியின் என்ஜின் 1089 சிசி. நிமிடத்துக்கு 5000 சுற்றுகளில் அது முழுமையாக நிரம்பினால்கூட ஏறத்தாழ 2,700 லிட்டர் காற்றைத்தான் இழுக்க முடியும். நடைமுறையில் அவ்வளவும் வராது. நீங்கள் அண்டா அளவு வாயை வைத்தாலும் அது குடிப்பது அவ்வளவுதான். மாறாக, வாய் அகலமானால் அதன் வழியே செல்லும் காற்றின் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் வென்சுரி என்னும் குறுகலான பகுதியில் உண்டாகும் அழுத்தக் குறைவும் சிறுத்துப்போகிறது, பெட்ரோலை ஜெட் என்னும் சிறு துளையிலிருந்து இழுத்துத் தூளாக்கும் விசை அந்த அழுத்தக் குறைவிலிருந்துதான் கிடைக்கிறது என்பதால், பெட்ரோல் துளித்துளியாகச் சொட்டி, பாதி எரிந்தும் எரியாமலும் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு இறங்குகிறது. அதனால்தான் சிக்னலில் வண்டி திணறுகிறது, பிளக் கருக்கிறது, சில மாதங்களில் சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் ரீபோர் கேட்கிறது.

வெபரின் மேல் பொறித்திருக்கும் 40 என்ற எண்ணைக் குதிரைத்திறனைப் போலப் படிக்கிறார்கள். அது திராட்டில் தகடு இருக்கும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். உள்ளே இருக்கும் வென்சுரி குழாயை மாற்றிக்கொள்ளலாம்; காற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது அந்தக் குழாய்தான். ஆல்ஃபா ரோமியோ தன் 1290 சிசி என்ஜினிலும் 1962 சிசி என்ஜினிலும் இதே 40 அளவைப் பயன்படுத்தியிருக்கிறது. என்ஜினுக்கு ஏற்ப மாற்றியது உள்ளே இருக்கும் வென்சுரியையும் ஜெட்டையும்தான். அந்த என்ஜின்களில் மேலே இரட்டைக் கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு ஒரு கார்பரேட்டர் குழல் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த அமைந்திருக்கும். நம் பத்மினியில் இருப்பது தள்ளுகம்பியால் இயங்கும் வால்வுகளும் கிராங்கைத் தாங்கும் மூன்றே மெயின் பேரிங்குகளும். பழைய சாமான் கடையில், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்றே தெரியாமல் வாங்கி வந்த வெபரை அதன் மேல் அப்படியே பொருத்துவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சைலன்சரைப் பிடுங்கிவிட்டு நேர்க்குழாய் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சத்தம் கூடும், அவ்வளவுதான்.

தேள் சின்னத்தை ஒட்டுபவர்கள் அந்தச் சின்னத்துக்கு உரியவர் என்ன செய்தார் என்பதையாவது பார்க்க வேண்டும். கார்லோ அபார்த் 1949-இல் தொடங்கிய நிறுவனம் சாதாரண ஃபியட்டுகளுக்கான புகைபோக்கிகளை விற்றுப் பெயர் வாங்கியது உண்மையே. ஆனால் ஃபியட் 600-இன் சிறிய என்ஜினை 850 டிசி, 1000 டிசி என்ற மாடல்களுக்காக வளர்த்தபோது கிராங்க், பிஸ்டன், கேம் ஆகியவற்றோடு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. பந்தய வண்டிகளில் என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் பின்புறமிருந்து முகப்புக்கே போய்விட்டது. 1966-இல் வந்த ஃபியட் 124 ஸ்பைடரில் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். வேகத்தையும் நிறுத்தத்தையும் ஒரே வேலையாக நினைத்தவர்களின் வண்டிகள் இவை. ஃபியட் 1100-இலோ நான்கும் டிரம். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்குக்கும் பிரேக் ஆயில் போக ஒரே சுற்று. ஓரிடத்தில் ஆயில் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் போயின. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் வண்டியை நிறுத்துவதற்கும் 110-இல் ஓடுவதை நிறுத்துவதற்கும் இடையே பிரேக் தாங்க வேண்டிய வெப்பம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும்போது பெடல் ஆழமாக இறங்கும். கிருமாம்பாக்கத்தில் நடந்தது அதுதான்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. கடற்காற்றின் உப்பு பத்மினியின் கதவடியையும் முன்புற சஸ்பென்ஷன் பொருந்தியிருக்கும் தகட்டையும் தின்றுகொண்டே இருக்கிறது. டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்தால் பாதி வண்டிகளில் உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட உடலோடு விறைப்பான ஸ்பிரிங்கும் அகலமான டயரும் பூட்டித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன். பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், அந்தக் காலப் பெட்ரோலுக்கென்று அமைத்த ஜெட்டோடு ஓடும் என்ஜினில் கலவை ஏறத்தாழ 7 விழுக்காடு மெலிந்துவிடுகிறது. வண்டி இழுக்கவில்லை என்று வருகிற பலருக்கு ஜெட்டை ஒரு படி கூட்டி, பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் பாயிண்டையும் அதன் டைமிங்கையும் சரிசெய்து கொடுத்தாலே, ‘என்ன சார், வேற என்ஜின் போட்டீங்களா?’ என்று கேட்கிறார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டியில், இந்தக் காற்றில், கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரின் அடியில் வெள்ளைப் பொடி படிவது அதனால்தான். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் ஊறிப்போய் வெடிக்கும். வெடித்த ஹோஸுக்குக் கீழே சூடான புகைபோக்கி இருக்கும். இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ எழுத்துடன் கூடிய வின்டேஜ் பதிவு பெறும் வழி 2021-இல் வந்தது. சேஸியிலோ உடலிலோ என்ஜினிலோ கை வைத்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பிறகு உங்கள் தலையில்தான் விழும்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். முதலில் பிரேக்: மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ஹோஸ்கள், லைனிங் எல்லாவற்றையும் புதிதாக்கி, டிரம்களை லேத்தில் கொடுத்து வட்டம் சரிபாருங்கள். பிரேக் ஆயிலை ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள், அதுவும் ஈரத்தைக் குடிக்கும். அடுத்தது ரேடியேட்டர், கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியாதீர்கள். எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் ஹோஸ்களைப் போடுங்கள். வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்த ஈயம் போய், ஈயமில்லாப் பெட்ரோல் நாடு முழுவதும் வந்தது 2000-இல். அதற்குப் பின் ஹெட்டைத் திறக்கவே இல்லை என்றால், திறக்கும்போது கடினமான வால்வு சீட்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள். இவையெல்லாம் முடிந்து, நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் சமமாக இருந்தால் மட்டுமே அடுத்த பேச்சு. அப்பா ஓட்டிய வண்டி, தாத்தா வாங்கிய வண்டி என்று கண் கலங்கச் சொல்கிறீர்களே, அதைக் காயலான் கடைக்கு அனுப்பும் வேலையையும் நீங்களே செய்யாதீர்கள்.

வரும்போது ஆர்.சி. புத்தகத்தையும் காப்பீட்டுத் தாளையும் கொண்டு வாருங்கள். கார்பரேட்டர் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். டிரம்களைக் கழற்றிப் பார்த்த பிறகு அது தேவையா என்று நானே சொல்கிறேன்.